இந்தக் காட்டுக்கு யாருங்க ஓனர்?

அமிர்தி கேட்ல ஆரம்பிச்ச அரட்டை, பாலாறு வரைக்கும் ஓடிய கதை!

செமஸ்டர் முடிஞ்ச மறுநாள் என்ன பண்ணுவாங்க? வேலூர் பசங்களா இருந்தா வண்டியை எடுத்துக்கிட்டு அமிர்திக்குப் போவாங்க. நாங்களும் போனோம். கணியம்பாடி வழியா சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலை அடிவாரம். காடு, சின்னதா ஒரு மிருகக்காட்சி சாலை, மழை பெஞ்சிருந்தா அருவி. பெட்ரோலுக்குப் போக பாக்கெட்ல மிச்சம் இருக்கிற காசுக்குத் தோதான டூர்!

நுழையற இடத்துல டிக்கெட் கேட்டாங்க. அங்கதான் எங்க கேங்க்ல ஒருத்தனுக்கு ஞானம் பிறந்துச்சு.

‘‘மச்சி, மரத்தை யாரும் நடலை. மலையை யாரும் கட்டலை. அப்புறம் இவங்க யாருடா டிக்கெட் கேக்கறதுக்கு? இந்தக் காட்டுக்கு யார் ஓனர்?’’

‘‘கவர்மென்ட்டுடா.’’

‘‘கவர்மென்ட்டுனா யாரு? எதுக்குடா கவர்மென்ட்? போனுக்கு பிரைவேட், காலேஜுக்கு பிரைவேட், தண்ணிக்குக்கூட கேன். அது இல்லாமலே நாம வாழலாம்டா!’’

வழக்கமா இந்த மாதிரி தத்துவம் வந்தா நாங்க சமோசா வாங்கிக் குடுத்து வாயை அடைச்சிடுவோம். அன்னிக்கு முடியலை. கூட வந்த ஆம்பூர்க்கார நண்பன் சீரியஸா பதில் சொல்ல ஆரம்பிச்சிட்டான். அவன் என்ன சொன்னான்கிறது கடைசியில. அதுக்கு முன்னாடி, அந்தக் கேள்விக்கு விடை தேடி நான் லைப்ரரியில உட்கார்ந்த கதை. (நம்புங்க, ஏ.சி.க்காகப் போகலை!)

நாடு செய்யத் தேவையான பொருட்கள்!

சமையல் குறிப்பு மாதிரி, ஒரு நாட்டுக்கு என்னென்ன வேணும்னு உலகத்துல ஒரு பட்டியல் இருக்கு. 1933-ம் வருஷம் உருகுவே நாட்டுத் தலைநகர் மான்டிவிடியோவுல அமெரிக்கக் கண்டத்து நாடுகள் கூடி ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அதன்படி நாலு ஐட்டம். நிரந்தரமா வாழற மக்கள், எல்லை தெரிஞ்ச நிலம், ஒரு அரசாங்கம், மற்ற நாடுகளோட உறவு வெச்சுக்கிற தகுதி. சட்டக் கல்லூரிகள்ல இன்னிக்கும் இதைத்தான் பாடமா நடத்தறாங்க.

நம்ம வள்ளுவர் இதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே பட்டியல் போட்டுட்டார். ‘இறைமாட்சி’ அதிகாரத்துல ஆறு ஐட்டம்: படை, குடிமக்கள், செல்வம், அமைச்சர், நட்பு நாடு, கோட்டை. இது அரசனுக்கு. ‘நாடு’ன்னு தனியா ஒரு அதிகாரம் வேற இருக்கு. அதுல நாட்டோட உறுப்புகள் என்னென்னன்னு சொல்றார். பூமிக்கு மேல இருக்கிற தண்ணி, பூமிக்குக் கீழ இருக்கிற தண்ணி, மலை, அதுலேருந்து ஓடி வர்ற தண்ணி... இதையெல்லாம் அடுக்கிட்டு, கோட்டையைக் கடைசியிலதான் வைக்கிறார்.

கவனிச்சீங்களா பாஸ்? ஒரு பட்டியல்ல கோட்டை. இன்னொரு பட்டியல்ல தண்ணி. வேலூர்ல ரெண்டும் இருக்கு. கோட்டை சூப்பரா இருக்கு. தண்ணிதான்...

அதுக்கு வர்றேன். முதல்ல கோட்டை.

ஒரு காலை நேரத்து ராஜ்யம்

1806 ஜூலை 10. விடியறதுக்கு முன்னாடி வேலூர் கோட்டையில துப்பாக்கிச் சத்தம். கிழக்கிந்தியக் கம்பெனியோட இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்துட்டாங்க. நெற்றியில மதக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வெச்ச புதுத் தலைப்பாகை போடணும்னு வந்த உத்தரவு அவங்களைக் கொதிக்க வெச்சிருந்துச்சு. 1857 புரட்சிக்கு அரை நூற்றாண்டு முன்னாடி! 2006-ல 200-வது ஆண்டுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டுச்சு.

கோட்டை அவங்க கைக்கு வந்துடுச்சு. திப்புசுல்தானோட குடும்பத்தை 1799-க்கு அப்புறம் அந்தக் கோட்டையிலதான் வெச்சிருந்தாங்க. அதனால மைசூர் கொடி ஏறுச்சு. திப்புவோட மகன் ஃபதே ஹைதர்தான் ராஜான்னு அறிவிச்சாங்க.

கொடி இருக்கு. ராஜா இருக்கார். படை இருக்கு. அகழியோட கல்கோட்டை இருக்கு. அப்போ நாடு ரெடியா?

ஆற்காட்டிலேருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோட வந்தார். மதியத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுச்சு. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டாங்க. அவங்க வீரத்துல குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா கோட்டைச் சுவருக்கு வெளியில வரி வாங்க ஒரு ஆபீஸ் இல்லை, சண்டையைத் தீர்த்து வைக்க ஒரு கோர்ட் இல்லை, உதவிக்கு வர ஒரு நட்புப்படை இல்லை. கொடியை ஏத்தறது ஒரு நிமிஷ வேலை. அதுக்குக் கீழ ஒரு ஏற்பாட்டைக் கட்டறதுக்கு வருஷக்கணக்காகும்.

இதுக்கு நேர் எதிர் கதையும் நம்ம பக்கத்துலயே இருக்கு. 1801-ல ஆற்காடு நவாப்கிட்டயிருந்து கர்நாடகப் பகுதியோட நிர்வாகத்தையும் வரி வசூலையும் கம்பெனி எழுதி வாங்கிக்கிச்சு. நவாப் பட்டம் அப்படியே இருந்துச்சு, வருமானத்துல ஒரு பங்கும் வந்துச்சு. ஆனா அவர் போட்ட உத்தரவு எந்தக் கிராமத்துலயும் செல்லாது. அங்கே ஆள் இருந்தார், அரசு இல்லை!

ஆக, கொடியும் பட்டமும் மட்டும் அரசு இல்லை. ஒரு இடத்துல எல்லாருக்கும் பொதுவா ஒரு விதி போட்டு, வரி வாங்கி, விதியை மீறினா தட்டிக் கேக்கற ஏற்பாடுதான் அரசு. அமிர்தி கேட்ல டிக்கெட் கிழிச்ச அண்ணன்கூட அந்த ஏற்பாட்டோட ஒரு நுனி.

சரி, ஏற்பாடு புரியுது. ஆனா அது எதுக்கு? நண்பனோட கேள்வி அப்படியே நிக்குதே!

மெஸ் பில் தத்துவம்

ஹாஸ்டல்ல ‘டிவைடிங் சிஸ்டம்’ தெரியுமா? மாசச் செலவை மொத்தமாக் கூட்டி, தலைக்கு இவ்வளவுன்னு வகுத்துடுவாங்க. நான் எக்ஸ்ட்ரா ஆம்லெட் வாங்கினா அந்தச் செலவு 300 பேர் தலையில விழும். என் பங்கு சில பைசா. அதனால நான் வாங்குவேன். நீங்களும் வாங்குவீங்க. மாசக் கடைசியில பில்லைப் பார்த்து எல்லாரும் சேர்ந்து அலறுவோம். இதுல யாரும் கெட்டவன் இல்லை. ஆனா முடிவு மட்டும் கெட்டது.

இப்போ மெஸ்ஸை எடுத்துட்டு அங்க பாலாறை வையுங்க.

பாலாறு கர்நாடகத்துல பிறந்து, ஆந்திராவைத் தொட்டுட்டு, தமிழ்நாட்டுக்குள்ள 222 கிலோமீட்டர் ஓடற ஆறு. ‘ஓடற’ன்னு சொல்றது ஒரு மரியாதைக்குத்தான். பெரும்பாலான நாள் மேல மணல், கீழ ஊற்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு இந்தப் பகுதி முழுக்க தோல் தொழில். ஒரு காலத்துல ஆவாரம் பட்டை போட்டுப் பதப்படுத்தினாங்க. அப்புறம் குரோம் வந்துச்சு. வேலை வேகமா முடியும், ஏற்றுமதி கூடும். ஆனா கழிவுநீர்ல உப்பும் ரசாயனமும் கூடும்.

ஒரு சின்ன கணக்கு. நூறு டேனரி இருக்குன்னு வெச்சுக்குவோம் (இது கற்பனைக் கணக்கு, சண்டைக்கு வராதீங்க). கழிவைச் சுத்தம் பண்ண ஒரு தோலுக்கு பத்து ரூபாய் செலவு. ஒரே ஒரு முதலாளி மட்டும் மனசாட்சிக்குப் பயந்து அந்தச் செலவைப் பண்றார். மத்தவங்க 100 ரூபாய்க்கு விக்கிற தோலை அவர் 110-க்கு விக்கணும். ஆர்டர் யாருக்குப் போகும்? சரி, ஆறாவது சுத்தமாச்சா? இல்லை. மீதி 99 பேரோட கழிவு ஓடிக்கிட்டுதானே இருக்கு. நல்லவர் கடையும் போச்சு, ஆறும் போச்சு!

நூறு பேரும் ஒரே நாள்ல ஒரே செலவைப் பண்ணினாத்தான் இது சரியாகும். அதுக்கு எல்லாருக்கும் மேல விசில் ஊதற ஒரு ரெஃப்ரி வேணும். எனக்குத் தெரிஞ்சு அரசு எதுக்குங்கிற கேள்விக்கு இதைவிடச் சின்ன பதில் கிடையாது.

ரெஃப்ரி தூங்கினா..?

அப்போ பாலாறுல ரெஃப்ரி இல்லையா? இருந்தார். தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லயும், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-லயும் வந்தாச்சு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இருந்துச்சு. ஆனா விசில் சத்தம்தான் சரியாக் கேக்கலை.

1991-ல வேலூர் மக்கள் நல மன்றம்கிற அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. ஊர்க்காரங்க சேர்ந்து, தங்களோட அரசாங்கங்கள் மேலயே போட்ட வழக்கு. 1996 ஆகஸ்ட் 28-ல நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்பு சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமப் போச்சுங்கிற ஆய்வு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. அதே தீர்ப்பு இன்னொண்ணையும் சொல்லுது: அன்னிக்கு நாட்டோட பதனிட்ட தோல் ஏற்றுமதியில சுமார் 80 சதவிகிதம் தமிழ்நாட்டோடது. வருமானம் முக்கியம்தான், ஆனா அதுக்காக மக்களோட உடம்பையும் மண்ணையும் தண்ணியையும் கெடுக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ‘மாசு பண்ணினவன்தான் பணம் கட்டணும்’கிற கொள்கை இந்தியச் சட்டத்தோட ஒரு பகுதின்னு உறுதியா எழுதினதும் இந்த வழக்குலதான். இன்னிக்கும் நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகள்ல இந்த வேலூர் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டறாங்க. நம்ம ஊர் பேர் பிரியாணியால மட்டும் பரவலை மக்களே!

அந்தத் தீர்ப்பால ஒரு ஆணையம் வந்துச்சு. யார் யாருக்கு எவ்வளவு நஷ்டம்னு ஊர் ஊராக் கணக்கெடுத்து, 2001-ல உத்தரவு போட்டுச்சு. பாதிக்கப்பட்டவங்க 29,193 பேர். நஷ்டஈடு சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். கால்குலேட்டரை எடுத்து வகுத்துப் பார்த்தேன். சராசரியா ஒருத்தருக்கு 9,200 ரூபாய்கூட வரலை. கிணறும் நிலமும் போனதுக்கான விலை அது.

அதுக்கப்புறமும் கதை முடியலை. மேல்முறையீடு, மறு கணக்கெடுப்பு, ஹைகோர்ட், மறுபடியும் சுப்ரீம் கோர்ட். 2015 ஜனவரி 31-ல ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோட கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, தூங்கிக்கிட்டிருந்த தொழிலாளர்கள் உள்பட பத்து பேர் செத்துப் போனாங்க. சுத்தம் பண்றதுக்காகக் கட்டின இடத்துலயே சாவு. சட்டம் புத்தகத்துல இருந்தா மட்டும் பத்தாது, தினமும் யாராவது போய்ப் பார்க்கணும்னு அந்தச் சுவர் சொல்லிட்டுப் போச்சு.

கடைசியா 2025 ஜனவரி 30. சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தீர்ப்பு சொன்னது. நஷ்டஈடு போய்ச் சேராதவங்களுக்கு ஆறு வாரத்துக்குள்ள தமிழக அரசே கொடுக்கணும், அந்தப் பணத்தை மாசு பண்ணின ஆலைகள்கிட்ட அரசு வசூல் பண்ணிக்கணும், ஆறு சுத்தமாகுதான்னு பார்க்க ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில கமிட்டி போடணும்னு உத்தரவு. வழக்கு போட்ட வருஷத்துல பிறந்த குழந்தைக்கு அப்போ 33 வயசு!

அரசு வேற, அரசாங்கம் வேற!

இங்க ஒரு மேட்டர். நாம ரெண்டு வார்த்தையையும் மாத்தி மாத்திப் பேசறோம். 1996 தீர்ப்புக்கும் 2025 தீர்ப்புக்கும் நடுவுல தமிழ்நாட்டுல அஞ்சு சட்டசபைத் தேர்தல் நடந்துச்சு: 2001, 2006, 2011, 2016, 2021. முதலமைச்சர்கள் மாறினாங்க. 2019-ல வேலூர் மாவட்டமே மூணாப் பிரிஞ்சு, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் ராணிப்பேட்டை தனி மாவட்டத்துக்கும் போச்சு. ஆனா, ‘அந்தக் கட்சி ஆட்சியில நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை’ன்னு யாரும் கோர்ட்ல தப்பிக்க முடியலை. ஏன்னா கடன் அரசாங்கத்தோடது இல்லை, அரசோடது.

அரசாங்கம்கிறது பஸ் டிரைவர் மாதிரி. டியூட்டி மாறும். அரசுங்கிறது பஸ். எந்த டிரைவர் வந்தாலும் நீங்க வாங்கின டிக்கெட் செல்லணும். செல்லலைன்னா, ஓடறது பஸ் இல்லை, யாரோ ஒருத்தரோட சொந்த கார்!

அரசே இல்லாம முடியாதா?

‘நாங்களே பார்த்துக்குவோம்’கிறதுலயும் உண்மை இருக்கு. ஊர் ஏரியைத் தூர்வார ஆளுக்கொரு நாள் உழைக்கிற குடிமராமத்து நம்ம முன்னோர்கள்கிட்ட இருந்துச்சு. பொதுச் சொத்தை ஜனங்களே விதி போட்டுக் காப்பாத்த முடியும்னு உலகம் முழுக்க ஆராய்ச்சி பண்ணிக் காட்டின எலினார் ஆஸ்ட்ரம், 2009-ல பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கினாங்க. அந்தப் பரிசை வாங்கின முதல் பெண்!

நம்ம ஜவ்வாது மலைப் பக்கமே உதாரணம் இருக்கு. வறண்டு கிடந்த நாகநதிக்காக வேலூர், திருவண்ணாமலை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்குல இறங்கி வேலை செஞ்சாங்க. தடுப்பணையும் நிலத்தடி நீர் செறிவூட்டும் கிணறுகளும் கட்டினாங்க. 2021 செப்டம்பர்ல பிரதமரோட ‘மனதின் குரல்’ ரேடியோ நிகழ்ச்சியிலயே இந்த ஆற்றைப் பத்திப் பேச்சு வந்துச்சு.

ஆனா அந்தக் கதையை உத்துப் பாருங்க. கடப்பாரை பிடிச்சது ஜனங்க. கூலி வந்தது 2005-ல பார்லிமென்ட் போட்ட நூறு நாள் வேலைச் சட்டத்துலேருந்து. ரெண்டுல எது இல்லைன்னாலும் அந்தக் கிணறு இல்லை.

அதோட, எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச ஊருக்குக் குடிமராமத்து சரி. மூணு மாநிலம் தாண்டற ஆத்துக்கு? கடலுக்கு? சோமாலியாவைப் பாருங்க. 1991-ல அங்க மத்திய அரசாங்கம் கவிழ்ந்துடுச்சு. மக்கள் இருந்தாங்க, நிலம் இருந்துச்சு. செல்போன் கம்பெனிகள்கூட நல்லாவே ஓடுச்சு. ஆனா கடலைக் காவல் காக்க யாரும் இல்லை. வெளிநாட்டுப் படகுகள் வந்து மீனை அள்ளிட்டுப் போச்சு. அப்புறம் கடற்கொள்ளை. போனை பிரைவேட் குடுத்துடும் நண்பா. கடலை யார் குடுப்பா?

மறுபடியும் அமிர்தி

இப்போ அந்த ஆம்பூர் நண்பன் என்ன சொன்னான்னு சொல்லிடறேன். அவங்க அம்மா ஷூ கம்பெனியில தைக்கிறாங்க. அவன் செமஸ்டர் ஃபீஸ் அந்தத் தையல்லேருந்துதான் வருது. அவங்க தாத்தாவுக்கு ஆத்தோரம் கொஞ்சம் நிலம். கிணத்துத் தண்ணியை வாயில வைக்க முடியாது. தென்னை மட்டும் நிக்குது.

‘‘டேனரியை மூடுன்னு நீங்க ஈஸியா சொல்லிடுவீங்கடா. மூடினா எங்கம்மாவுக்கு வேலை இல்லை. அப்படியே விடுன்னு சொன்னா எங்க தாத்தாவுக்குக் கிணறு இல்லை. வீட்ல சாப்பிடும்போது ரெண்டு பேரும் இதைப் பேசவே மாட்டாங்க. பேசினா சண்டை வரும். ரெண்டு பேரும் எனக்கு வேணும். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒருத்தன் நின்னு, ‘ஷூவும் தைக்கலாம், தண்ணியும் குடிக்கலாம், அதுக்கு இதுதான் ரூல்’னு சொல்லணும். அதைக் காசு வாங்காம சொல்லணும். நாளைக்கும் அதையே சொல்லணும். அவனுக்குப் பேர்தான் கவர்மென்ட்னா, எனக்கு அவன் வேணும்டா.’’

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. மயில் மட்டும் அகவுச்சு.

கிளம்பும்போது, ‘கவர்மென்ட் எதுக்கு’ன்னு ஆரம்பிச்சவனைக் கேட்டேன். ‘‘உனக்கு ஓட்டர் ஐ.டி. இருக்காடா?’’ தலையைச் சொறிஞ்சான். 1988-ல அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஓட்டுப் போடற வயசை 21-லேருந்து 18-ஆக் குறைச்சாங்க. சாருக்கு 20 ஆகுது. அரியர் எக்ஸாமுக்கு கடைசித் தேதி தவறாம ஃபீஸ் கட்டறவன், ஃபார்ம் 6-ஐ இன்னும் கண்ணால பார்க்கலையாம்!

‘‘இந்தக் காட்டுக்கு யார் ஓனர்னு கேட்டியே... நீதான்டா. நானும்தான். ஓனர் கையெழுத்தே போடலைன்னா டிரைவர் அவர் இஷ்டத்துக்குத்தான் ஓட்டுவார்.’’

போன வாரம் அவன் ஃபார்ம் 6 நிரப்பிட்டான். முகவரிங்கிற இடத்துல ‘பாலாற்றங்கரை’ன்னு எழுதவான்னு கேட்டான். தெரு பேரை எழுதுடான்னு சொன்னோம்.